கிட்டங்கிச் சுவரில் விட்டுவைத்த இடம்

செவ்வாய்க்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் என் கைப்பேசி ஒலித்தது. திரையில் 'டீச்சர்' என்று வந்தது. எடுத்து, "சொல்லுங்க டீச்சர்" என்றேன். ஓர் ஆண் குரல் பேசியது.

"நான் அவங்க தம்பி பேசுதேன். அக்கா தூக்கத்துலயே போயிட்டாங்க. கடைசியா ஒங்க கூடதான் பேசியிருக்காங்க போல, ஒங்க பேருதான் மேல இருந்துச்சு."

பேசி முடித்த பிறகும் 'டீச்சர்' என்ற அந்தப் பெயர் திரையில் சிறிது நேரம் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க எனக்குக் கை வரவில்லை.

திலகவதி டீச்சரை அறிந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்கள் முடிந்து கடல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அங்குள்ள பள்ளிக்கு ஓவிய ஆசிரியையாக வந்தவர் அவர். சொந்த ஊர் ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கம். ஒல்லியான உடம்பு, தணிந்த குரல். யாரோடு பேசினாலும் அவர்களுடைய முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்துத்தான் பேசுவார். நான் அதே பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். என் பெயர் ஜைனம்பு.

எங்கள் ஊரில் கடலைப் பார்த்து இரண்டு தெருக்கள். மாதா தெருவில் விசைப்படகு வைத்திருக்கும் கிறித்தவக் குடும்பங்கள். தர்கா தெருவில் சங்கு குளிக்கப் போகும் எங்கள் குடும்பங்கள். இரண்டுக்கும் நடுவே, உப்பு மூட்டைகளை அடுக்கி வைத்த, இப்போது யாரும் பயன்படுத்தாத பழைய கிட்டங்கி ஒன்று நிற்கிறது. டீச்சர் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு கடலில் ஒரு தகராறு நடந்தது. சங்கு குளிக்கிற இடத்தில் வலை இழுத்தார்கள் என்றார்கள் எங்கள் ஆட்கள். வலை இழுக்கிற பாதையில் வந்து இறங்கினார்கள் என்றார்கள் அவர்கள். அன்று மாதா தெரு அந்தோணி கரைக்கு வரவில்லை. என் தம்பி காசிமும் வரவில்லை. உடல்கள் இரண்டும் கிடைக்கவே இல்லை. அந்தோணியைச் சங்கு குளிப்பவர்கள் நீருக்குள் இழுத்து அமுக்கினார்கள் என்று அந்தத் தெரு நம்பியது. காசிமை வேண்டுமென்றே வலையில் மாட்டவைத்தார்கள் என்று எங்கள் தெரு நம்பியது. அதற்குப் பிறகு தண்ணீர்க் குழாய் தனி, ரேஷன் வாங்கும் நாள் தனி. சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகள் நடுவில் இடம் விட்டு இரண்டு வரிசையாகத்தான் உட்காருவார்கள்.

டீச்சர் வந்த புதிதில் எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் கடலை வரையச் சொன்னார். சாப்பாடு முடிந்த பிறகு அந்தத் தாள்களைச் சத்துணவுக் கூடத்தின் தரையில் பரப்பி வைத்து என்னைக் கூப்பிட்டார்.

"ஜைனம்பு, இங்கன வந்து பாருங்க. இதுல என்ன இருக்கு?"

எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. படகு, மீன், கலங்கரை விளக்கம், துறைமுகத்தின் பாரந்தூக்கிகள். பிறகு பார்த்தேன். ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும், கலங்கரை விளக்கத்துக்குக் கொஞ்சம் இடது பக்கம், கடலில் ஓர் இடம் வண்ணம் பூசாமல் வெள்ளையாகக் கிடந்தது. மாதா தெருப் பிள்ளையின் தாளிலும் அப்படி, எங்கள் தெருப் பிள்ளையின் தாளிலும் அப்படி. ஒருவர் தாளை ஒருவர் பார்த்து வரைந்திருக்க முடியாது. அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதே இல்லை.

ஒரு சிறுமியிடம் டீச்சர் கேட்டார். "இங்க ஏன்மா கலர் அடிக்கல?"

"அங்க போகக்கூடாது டீச்சர். எங்க அப்பா அந்தப் பக்கம் பாக்கக்கூட மாட்டாரு."

டீச்சர் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார்.

கிட்டங்கிச் சுவரில் ஊரே சேர்ந்து கடலை வரைவது என்ற எண்ணம் அதிலிருந்து வந்ததுதான். வீடு வீடாகப் போய்க் கேட்டார். "நீங்க கடல்ல எத ரொம்ப நாளா பாத்திட்டிருக்கீங்களோ, அத வந்து வரைங்க. ஒரே ஒரு கண்டிசன். ஆள் படம் மட்டும் வேண்டாம்," என்றார். ஆள் உருவம் வரைவதில் எங்கள் தெருவுக்குத் தயக்கம் உண்டு. யாருடைய முகம் என்று இரண்டு தெருவும் அடித்துக்கொள்ளும் என்ற பயமும் அவருக்கு இருந்தது.

வருவார்களா என்று நினைத்தேன். வந்தார்கள். காலையில் மாதா தெரு, மாலையில் அசர் தொழுகைக்குப் பிறகு தர்கா தெரு. இரண்டு கூட்டமும் சந்திக்கவில்லை. நடுவே மத்தியான வேளை முழுக்க டீச்சர் மட்டும் அங்கே இருப்பார். உப்பளத்தின் வெள்ளை வெளிச்சத்தில் அந்த நேரம் கண்ணைத் திறக்க முடியாது. காகம்கூட கத்தாது. நான் சாப்பாடு கொண்டுபோவேன். சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெயிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

"நிழல் பக்கம் திரும்பி உக்காரலாம்ல டீச்சர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சுவர்ப் பக்கம் திரும்பினா சத்தம் நின்னுருது," என்றார்.

"என்ன சத்தம்?"

"யாரோ நகத்தால சொரண்டுற மாதிரி. காலையில வந்தவங்க எதையும் விட்டுட்டுப் போயிருப்பாங்களோன்னு பாத்தா, ஒண்ணும் இல்ல."

நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பது எனக்கு ஆறுதலாகவும் இல்லை.

சுவர் நிறைந்துகொண்டே வந்தது. திருக்கை, சங்கு, பாசி, நண்டு, கவிழ்த்துப் போட்ட வள்ளம். காலையில் ஒருவர் பாதியில் விட்ட மீனுக்கு மாலையில் யாரோ செதில் போட்டிருப்பார்கள். மறுநாள் அதைப் பார்த்தவர்கள் அழிக்கவில்லை. ஆனால் சுவரின் நடுவில், ஒரு கதவு அகலத்துக்கு, இரண்டு பக்கத்தாரும் எதுவும் வரையாமல் விட்டிருந்தார்கள். பிள்ளைகள் விட்ட அதே இடம். அங்கேயும் வரையுங்கள் என்று டீச்சர் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த இடத்தில்தான் கறை வந்தது.

முதலில் ஈரம் மாதிரி தெரிந்தது. மழை இல்லாத மாதம். காற்றும் இல்லை. பிறகு ஈரம் காய்ந்து உப்பு பூத்தது. பழைய கிட்டங்கி, செங்கலெல்லாம் உப்பைக் குடித்திருக்கும், அதனால் பூக்கிறது என்று கொத்தனார் ஒருவர் சொன்னார். அது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அது வளர்ந்த விதம் யாருக்கும் பிடிக்கவில்லை. தோள் வந்தது. தலை வந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்த கழுத்து வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை நான் போய்ப் பார்த்தபோது, நீல வண்ணத்துக்கு நடுவே வெள்ளையாக ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார்.

வலது தோள் இறங்கியிருந்தது. என் தம்பிக்கு அப்படித்தான் இருக்கும். சிறு வயதிலிருந்து சங்குப் பையைத் தூக்கி வலது தோள் இறங்கிப் போனவன் அவன். "லாத்தா" என்று அக்காவான என்னை அவன் கூப்பிடுவது போலிருந்தது என்று எழுதினால் பொய். கூப்பிட்டுவிடுவானோ என்று பயந்தேன். அதுதான் உண்மை.

என் பக்கத்தில் யாரோ நிற்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தோணியின் மனைவி பிலோமினா. அத்தனை ஆண்டுகளில் அவ்வளவு அருகில் நாங்கள் நின்றதில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அவுக இப்படித்தான் கழுத்தச் சாய்ச்சு நிப்பாக," என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குள் சொன்னாரா என்று தெரியவில்லை.

இரண்டே நாளில் ஊர் கொதித்துவிட்டது. அது அந்தோணிதான், முகம் வரைந்து கீழே பெயர் எழுத வேண்டும் என்று மாதா தெரு ஆண்கள் வண்ண வாளியோடு வந்தார்கள். அது எங்கள் காசிம், அவன் மேல் எவன் கையும் படக்கூடாது, சுரண்டி எடுத்துவிடுவோம் என்று எங்கள் தெரு ஆண்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். காலைக் கூட்டமும் மாலைக் கூட்டமும் முதன்முறையாக ஒரே நேரத்தில், உச்சி வெயிலில் அங்கே கூடின. கடலில் நடந்தது கரையிலும் நடந்துவிடும் என்று நான் நினைத்தேன்.

டீச்சர் தன் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப்போய்க் கறைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். வழக்கத்துக்கு மாறாக, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"டீச்சர், எந்திரிச்சிருங்க. ஒங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல," என்றார் அந்தோணியின் அண்ணன் சேவியர். தகராறு நடந்த அன்று விசைப்படகை ஓட்டியவர் அவர்தான்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. வரையுறதுன்னா நல்லாப் பாத்துட்டுத்தான் வரையணும். வாளியக் கீழ வச்சுட்டு இங்கன வந்து ஒரு தடவ பாருங்க. பாத்துட்டு, இது யாருன்னு நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னா நான் எந்திரிச்சிருதேன்."

சேவியர் வந்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். கூட்டம் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தது. வெகு நேரம் அவர் அசையவில்லை. அவர் கையிலிருந்த வாளி சரிந்து வண்ணம் மணலில் ஊற்றியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"இது ஒரு ஆளு இல்ல," என்றார்.

விரலை நீட்டி மேலிருந்து கீழாகக் காட்டினார்.

"ரெண்டு பேரு. ஒருத்தன் தோள்ல ஒருத்தன் தல சாஞ்சு கெடக்கு. அந்தோணி அவனப் பிடிச்சிருக்கான்."

அதன் பிறகு அவர் நின்றபடியே சொன்னார். காசிம் நீருக்கடியில் மூச்சுவிடக் கட்டியிருந்த காற்றுக் குழாய் சேவியரின் வலையில் சிக்கிக்கொண்டது. அதைப் பார்த்துவிட்டு அந்தோணி கத்தியோடு கடலில் குதித்தான். நீருக்கு மேலே தலையை நீட்டி, "வலைய அறுத்து விடுண்ணே, பையன் மாட்டிக்கிட்டான்" என்று கத்தினான். புது வலை. சுற்றிலும் படகுகள், கல்லெறி, கூச்சல். சேவியர் அறுக்கவில்லை. அந்தோணி மறுபடி மூழ்கினான். பிறகு அறுத்தபோது வலையோடு இருவரும் கீழே போய்விட்டார்கள்.

"நான் பாத்தேன். இப்படித்தான் எறங்குனாவ," என்று சுவரைக் காட்டினார்.

உப்பில் அவர் கண்டதை அதன் பிறகு எங்களாலும் காணாமல் இருக்க முடியவில்லை. இறங்கிய தோள் ஒருவனுடையது. சாய்ந்த கழுத்து இன்னொருவனுடையது. மண்வெட்டியோடு வந்தவர்கள் பின்வாங்கினார்கள். பிலோமினா மணலில் உட்கார்ந்துவிட்டார். நான் வீட்டுக்குப் போய் உம்மாவிடம் சொன்னேன். உம்மா அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப எம்புள்ள தனியாப் போகலையா?"

"இல்லம்மா."

அன்று சாயங்காலம் உம்மா முக்காட்டைப் போட்டுக்கொண்டு மாதா தெருவுக்கு நடந்து போனார். பிலோமினா வீட்டில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்.

சேவியர் தானாகவே காவல் நிலையம் போனார். வழக்கு இன்னும் நடக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். சேவியரோடு பேச எனக்கு வெகு காலம் ஆனது. எங்கள் தெருவில் சிலர் இன்றும் பேசுவதில்லை. ஆனால் சுவரின் மிச்ச வேலையைக் காலை, மாலை என்ற பிரிவில்லாமல் சேர்ந்து முடித்தார்கள். சத்துணவுக் கூடத்தில் வரிசை கலைந்தது. கறைமேல் யாரும் கை வைக்கவில்லை. அடுத்த மழையில் அது தானாகக் கரைந்துபோனது. அந்த இடம் வெறும் செங்கலாக இன்றும் இருக்கிறது.

டீச்சரே மத்தியான நேரத்தில் உப்புக் கரைசலைத் தொட்டு அதை வரைந்திருப்பார் என்று ஒரு பேச்சு உண்டு. பணி ஓய்வு பெற்று அவர் ஊருக்குக் கிளம்பிய அன்று நானும் கேட்டேன்.

"நான் வரைஞ்சிருந்தா இவ்வளவு நல்லா வந்திருக்காது ஜைனம்பு," என்றார். பேருந்தில் ஏறிய பிறகு ஜன்னல் வழியாக, "அண்ணாச்சி வாய் தொறந்த பெறகு அந்தச் சொரண்டுற சத்தம் எனக்குக் கேக்கவே இல்ல," என்றும் சொன்னார். அவர் அதைச் சிரிக்காமல் சொன்னார்.

இறப்பதற்கு முந்தின நாளும் பேசினோம். உம்மாவின் மூட்டுவலியைப் பற்றித்தான் பேச்சு. விடைபெறுகிற மாதிரி அதில் எதுவும் இல்லை.

எரியூட்டிய பிறகு அவருடைய சாம்பலைக் கடலில் கரைக்கலாம், படகு நான் தருகிறேன் என்று சேவியர் சொன்னார். டீச்சரின் தம்பி மறுத்துவிட்டார். "அக்காவுக்குக் கடல்னா பயம். கணுக்கால் நனைய நின்னதில்ல. எங்க புஞ்சைலயே போட்டுருவோம்," என்றார். இத்தனை காலம் கடலோரத்தில் இருந்தவர் அதை எங்களிடம் சொன்னதே இல்லை.

இரண்டு தெருவிலிருந்தும் ஒரு வேனில் போனோம். வானம் பார்த்த கரிசல் நிலம், கோடையில் வாய் பிளந்து கிடந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் கருப்பு. ஒரு மரம் இல்லை, ஒரு சத்தம் இல்லை. கடலைப் பார்த்தே வளர்ந்த நாங்கள் வேனை விட்டு இறங்கியதும் ஒருவரை ஒருவர் ஒட்டி நின்றோம். டீச்சரின் தம்பி கலயத்தைச் சாய்த்தார். சாம்பல் மண்மேல் தங்கவில்லை. காற்றிலும் பறக்கவில்லை. ஒரு வெடிப்புக்குள் நீர் போல இறங்கிக்கொண்டே இருந்தது.

சேவியர் முழங்காலிட்டு அந்த வெடிப்புக்குள் கையை விட்டார். முழங்கை போயிற்று. தோள்வரை போயிற்று. கன்னம் மண்ணில் பதியப் படுத்து, விரல்களால் துழாவினார். பிறகு எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"அடி தட்டல," என்றார்.

பிலோமினா என் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் வரப்பைத் தாண்டி ஓர் அடிகூட வைக்கவில்லை. நீங்கள் இறங்கிப் போங்கள் டீச்சர். நாங்கள் கரையில் நிற்கிறோம்.