கஞ்சியில் ஒட்டிய லேபிள்

எங்கள் தீவில் டெய்ரி ஃபார்ம் என்னும் பகுதியிலிருந்த அரசுப் பண்ணையில் பன்றிகள் காய்ச்சல் கண்டு ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. பக்கத்துக் குடியிருப்பில் ராஞ்சிக்காரப் பெண் ஒருத்தி வளர்த்த சினைப்பன்றிக்கும் காய்ச்சல் வந்தது. ஆனால் அது இரண்டே நாளில் எழுந்து தவிட்டைத் தின்றது. எங்கள் கால்நடை டாக்டருக்கு அது பிடிபடவில்லை.

"நோய் ஒண்ணுதான்யா, ஆனா வைரஸ்ல பல ரகம் இருக்கு. அவ பன்றிகிட்ட இருக்கறது கொல்ற ரகமா, சாது ரகமான்னு மெயின்லேண்ட் லேப்ல பார்க்கட்டும். கொல்ற ரகம்னா அதையும் கொன்னு புதைச்சிடணும்."

நான் அவருடைய கம்பவுண்டர், தற்காலிக வேலை. பண்ணையில் சாகக் கிடந்த பன்றியிடமும் அவளுடைய பன்றியிடமும் ரத்தம் எடுத்து, இரண்டு குழாய்களிலும் லேபிள் ஒட்டினேன். கோந்து தீர்ந்தால் அடுத்த கப்பல் வரும்வரை சோற்றுக் கஞ்சிதான் எங்களுக்குக் கோந்து. மருந்துப் புட்டிகளுக்கு அது போதும். இந்தக் குழாய்கள் ஐஸ் பிளாஸ்கில் போகின்றன என்பது மட்டும் என் மண்டையில் உறைக்கவில்லை.

சாத்தம் ஜெட்டியில், கப்பலில் ஏற்றும் முன் பிளாஸ்கைத் திறந்து பார்த்தேன். உருகிய தண்ணீரில் லேபிள்கள் இரண்டும் தனியே மிதந்தன. கப்பல் சங்கு ஊதிவிட்டது. அடுத்த கப்பலுக்குப் பதினைந்து நாள். எது எதுவென்று ஒரு குத்துமதிப்பில் திரும்ப ஒட்டி, நூலால் கட்டி அனுப்பிவிட்டேன்.

பதில் வந்தது. பண்ணைப் பன்றியினுடையது சாது ரகமாம், அவளுடையதுதான் கொல்லும் ரகமாம். மாற்றி ஒட்டிவிட்டேன் என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அப்போ கொல்ற ரகம் இவ பன்றிகிட்டதான், அது பிழைச்சாலும் பரப்பும். நம்மது வேற எதுலயோ செத்திருக்கு," என்றார் டாக்டர்.

வாயைத் திறந்தேன். வேலை போனால் அடுத்த கப்பலில் ஊர்தான். மூடிக்கொண்டேன். என்னைப்போல ஒரு கோழையை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

மறுநாள் காலை பன்றியைக் கொண்டுபோய்க் கொல்ல ஆட்களுடன் போனேன். அவள் அழுது கூப்பாடு போடுவாள் என்று பயந்திருந்தேன். அவளோ வயிறு தொங்கிய பன்றியைக் கயிற்றில் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தாள்.

"பாபு, டீக் ஸே தேகா நா?"

சரியாகப் பார்த்தாயா என்கிறாள்.

"தேகா," என்றேன்.

அவள் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டாள்.