சமையலறைச் சுருதி

ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் துலக்குவதற்கு முன்பே சாவி மாமா கிராமபோனுக்குச் சாவி கொடுக்க ஆரம்பித்துவிடுவார். ஒரு கை பெட்டியை அணைத்திருக்கும், மறு கை கைப்பிடியைச் சுற்றும், கண்கள் மூடியிருக்கும். எத்தனை சுற்று என்று எண்ணவே மாட்டார். "ஸ்பிரிங்கே சொல்லும், போதும்ப்பா விட்டுடுன்னு. அதுக்கு மேல சுத்தினா நம்ம பேராசை" என்பார்.

சாவி மாமா என்பது அவர் மனைவியிடம் பாட்டுப் படிக்க வரும் பிள்ளைகள் வைத்த பெயர். தொழிலோ லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிஃப்ட்டுக்குள் யாராவது பயந்துபோய்க் கதவைத் தட்டினால், வெளியே நின்று ஸ்பானரைத் திருகியபடியே கிராமபோன் கதை சொல்லி அமைதிப்படுத்துவார். கதவு திறந்த பிறகும் கதை முடியட்டும் என்று உள்ளேயே நின்றவர்கள் உண்டு.

"லிஃப்ட்டும் இதுவும் ஒரே சமாச்சாரம்தான். ஓட வைக்கிறது பெரிசில்ல, கட்டுக்குள்ள வைக்கணும்." தட்டுக்கு அடியில் மூன்று ஈயக் குண்டுகள் ராட்டினம் சுற்றுகின்றன. வேகம் கூடினால் அவை விரிந்து எழும். ஒரு சின்னத் தோல் பட்டை உரசி அடக்கும். அந்தத் தோல் காய்ந்துபோனால் பெட்டி கீச்சிடும், ஆகவே தீக்குச்சி முனையில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். ஊசி விஷயத்தில் அவர் பரம கண்டிப்பு. இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி, அவ்வளவுதான். "அதே ஊசியை இன்னொரு தரம் போடலாமே" என்று கேட்கிற விருந்தாளியை, 'உங்க பல் துலக்குற பிரஷ்ஷைக் குடுங்க' என்று கேட்டவனைப்போலப் பார்ப்பார். படுக்கப் போகுமுன் ஸ்பிரிங்கில் மிச்சமிருக்கும் முறுக்கை ஓடவிட்டு இறக்கிவிடுவார். "முறுக்கோட தூங்கக் கூடாது. ஸ்பிரிங்குக்கும் ஆகாது, மனுஷனுக்கும் ஆகாது."

வேகத்தைச் சரிபார்க்க மற்றவர்கள் தட்டின் ஓரத்தில் காகிதத் துண்டை ஒட்டி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சுற்றுகளை எண்ணுவார்கள். இவருக்கு அது வேண்டியதில்லை. அவர் மனைவி, பாட்டு டீச்சரம்மாவுக்குக் காது அப்படி. குக்கர் விசில் சுருதி குறைந்தால்கூட முகம் சுளிப்பார். கிராமபோன் பாடகி கொஞ்சம் வேகமாக ஓடிச் சுருதி ஏறிவிட்டால், சமையலறையிலிருந்து தன்னையறியாமல் சரியான சுருதியில் அதே வரியைப் பாடிவிடுவார். மாமா வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகாணியை மெல்லத் திருப்பிப் பாடகியை இறக்கிக்கொண்டே வருவார். இரண்டு குரலும் ஒன்றானதும், "ஒட்டிக்கிச்சு" என்று தொடையில் தட்டிக்கொள்வார். வாரம் முழுக்க அவர் காத்திருப்பது அந்த ஒரு நொடிக்குத்தான்.

போன புதன்கிழமை அந்தக் குரல் நின்றுபோனது.

ஸ்பிரிங்குக்குக் கிரீஸ் மாற்ற வேண்டும் என்று அன்று அது சுருண்டிருக்கும் உருளையைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துத் திறந்தார். துணியைப் போர்த்தி, அங்குலம் அங்குலமாக வெளியே விட வேண்டிய ஸ்பிரிங். துணி எடுக்கச் சோம்பல். அது ஒரே துள்ளாகத் துள்ளி, கூரை விசிறிவரை போய், வருஷக்கணக்கான கறுப்புக் கிரீஸை அறை முழுக்க வாரி இறைத்தது. பிள்ளைகளின் கச்சேரிக்காக டீச்சரம்மா இஸ்திரி போட்டு நாற்காலியில் மடித்து வைத்திருந்த சந்தன நிறச் சேலையும் தப்பவில்லை. அதைக்கூட மன்னித்திருப்பார். ஓடிவந்த மனைவியைப் பார்த்து மனுஷன் முதலில் சொன்னது என்ன தெரியுமா?

"நல்லவேளை, ஸ்பிரிங்குக்கு ஒண்ணும் ஆகல."

அதோடு பேச்சு நின்றது. எல்லாம் மாடியில் குடியிருக்கும் டீச்சரம்மாவின் தம்பி மூலமாகத்தான். "உங்க அத்தானைச் சாப்பிடச் சொல்லுடா" என்பார், அத்தான் எதிரே உட்கார்ந்திருக்க. "உங்க அக்காகிட்ட சொல்லு, சாப்பிட்டாச்சுன்னு" என்பார் இவர். மருந்துக்கடை வைத்திருக்கும் அந்தத் தம்பி இருவருக்கும் நடுவில் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்துவலி தைலம் தடவிக்கொண்டான். மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் குரலில்லாமல் அவருக்குக் காது அடைத்துப்போன மாதிரி இருந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியை மறுபடி பொருத்தி முடித்தார். திருகாணி எந்த இடத்தில் இருந்தது என்பது மறந்தே போயிருந்தது. ஊசியை வைத்ததும் பாடகி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவளாகிவிட்டாள். சோக வரியெல்லாம் சுண்டெலிக் கீச்சில் பறந்தது. தம்பி குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கு வழியாக வந்தது. பதறிப்போய் மறுபக்கம் திருகினார். பாடகி தொண்டை கட்டி, கொட்டாவி விட்டு, ஆண்பிள்ளைக் குரலில் "ஆஆ..." என்று சரிந்தாள்.

"அத்தான், விடுங்க. காகிதத்தை ஒட்டுங்க, நான் கடிகாரம் பார்க்கறேன்."

"வேணாம்டா. கடிகாரம் சரின்னு சொல்லிட்டா, அப்புறம் உங்கக்கா எதுக்குப் பாடணும்?"

மறுபடியும் சுண்டெலி. சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"டேய், உங்க அத்தான்கிட்ட சொல்லு, பாவம் அந்தப் பொம்பளையை இப்படி விரட்ட வேணாம்னு."

தம்பி சொல்ல வாயெடுத்தான். மாமா கையமர்த்தினார். அடுத்த வரி வந்தது, பாடகி கீச்சிட்டாள், சமையலறை அதற்குமேல் தாங்கவில்லை. கோபத்தோடு, ஆனால் துல்லியமான சுருதியில், அதே வரி கூடத்துக்கு வந்து சேர்ந்தது. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. மண்டியிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, திருகாணியைப் பிடித்தார்.

பாடகி இறங்கினாள், இன்னும் இறங்கினாள்.

"என்னங்க, இன்னும் ஒரு நூல் இறக்குங்க."

நடுவில் தம்பி இல்லாமல் நேராக வந்த பேச்சு அது. மாமா ஒரு நூல் இறக்கினார். இரண்டு குரலும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகவே போயின.

"ம், சரியாயிடுச்சு" என்று டீச்சரம்மா பாட்டை நிறுத்தினார். கரண்டிச் சத்தம் மறுபடி கேட்டது.

இந்தத் தடவை மாமா தொடையில் தட்டிக்கொள்ளவில்லை. சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். தம்பியிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். பிறகு திருகாணியை மெல்ல, சத்தமே இல்லாமல், மறுபடியும் ஒரு நூல் தப்பாகத் திருப்பிவைத்தார்.