கடைசியாக எடுக்க வேண்டிய படம்

எங்கள் வீட்டில் பேச்சு முழுவதும் என் மனைவியுடையது. நான் பத்தாவது வரை படித்தவன். புதுப்பட்டினத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். வண்டி ஓட்டுகிறவன் யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை, அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. வங்கியிலும் ரேஷன் கடையிலும் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களிலும் எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். முன்னறையில் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். அளவு கொடுக்க வருகிறவர்களிடம், "எம் பொண்ணு ஆகாசத்துக்கே அளவெடுக்குறா, தெரியுமா?" என்று சொல்லாமல் விடமாட்டாள்.

எங்களுக்கு ஒரே மகள். வெளியூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் படிக்கிறாள். அவள் படிப்பைப் பற்றி அவளே சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். ரொம்பப் பெரிய நட்சத்திரம் ஒன்று சாகும்போது சில சமயம் ஒரு வெடிப்பு உண்டாகும். காமா கதிர் வெடிப்பு என்று பெயர். நம் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிரை மேலே சுற்றுகிற செயற்கைக்கோள் பிடித்து, இன்ன திசையில் என்று உலகம் முழுக்கச் செய்தி அனுப்பும். வெடிப்பு கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் அது விட்டுப்போன வெளிச்சம் சில நாள் இருக்கும். அதைப் பின்னொளி என்கிறார்கள். அந்தப் பின்னொளி நாளுக்கு நாள் மங்குவதை விடாமல் படம் எடுத்து அளப்பதுதான் என் மகளின் வேலை. தொலைநோக்கி வடக்கே ஒரு மலைமேல் இருக்கிறது. எங்கே உட்கார்ந்துகொண்டும் கம்ப்யூட்டர் வழியாக அதைத் திருப்பலாமாம்.

செய்தி வந்தால் உடனே தெரிய வேண்டும் என்று அவள் போனில் தனியாக ஒரு சத்தம் வைத்திருந்தாள். அது சேவல் கூவுகிற சத்தம். அம்மா தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. "நீ தூங்கனா கும்பகர்ணி. இதாண்டி உன்ன எழுப்பும்." விடுமுறைக்கு வந்திருக்கும்போது அந்தச் சேவல் கண்ட நேரத்தில் கூவும். மகள் எழுந்து ஓடுவாள். பெரும்பாலும் மேகமாக இருக்கும், இல்லையென்றால் அந்தத் திசை மலையிலிருந்து தெரியாது, அல்லது ஒன்றுமே இருக்காது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவாள். அம்மா மெஷினை மிதித்தபடியே கேட்பாள்:

"இன்னாடி, கூவிச்சே. முட்ட போட்டுச்சா?"

"சேவல் எங்கம்மா முட்ட போடும்?"

"அப்ப எதுக்குக் கூவுது?"

இது எத்தனை முறை நடந்தாலும் இரண்டு பேரும் புதிதாகச் சிரிப்பார்கள். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன மார்கழியில் என் மனைவிக்கு மார்பு வலி வந்தது. செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். மகள் ரயிலேறி வந்துவிட்டாள். வந்த மறுநாள் காலையில் எல்லாம் முடிந்துவிட்டது. மத்தியானம் வீட்டுக்குக் கொண்டுவந்து, முன்னறையில் தையல் மெஷினை ஓரமாகத் தள்ளி, ஐஸ் பெட்டியில் வைத்தோம். மெஷினில் ஊசிக்கு அடியில் யாருடையதோ ஒரு ரவிக்கைக் கை பாதித் தையலோடு நின்றிருந்தது.

மகள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பொழுது சாய்ந்து, விளக்குப் போடுகிற நேரம். அழுகை கொஞ்சம் அடங்கி, பெட்டியின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவள் மடியில் சேவல் கூவியது.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் பதறி எடுத்து அடக்கினாள். அடக்கியவள் கீழே வைக்கவில்லை. திரையைப் பார்த்தாள், அம்மா முகத்தைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். பிறகு இரண்டு கட்டைவிரலாலும் வேகமாக எதையோ அடித்தாள்.

என் மனைவியின் அக்கா எதிரில் இருந்தார்.

"இன்னாடி இது, சாவு வூட்ல சேவ கூவுது! பெத்தவ பொட்டிக்குள்ள கீறா, இவ போன நோண்டிகினு கீறா. படிச்ச புள்ளையாம். இதுக்குத்தான் ராவும் பகலும் மிஷினு மிதிச்சாளா அவ?"

"உடு அண்ணி, ஏதோ ஆபீஸ் வேலயா இருக்கும்" என்றாள் என் தங்கை.

"ஆபீஸா? எந்த ஆபீஸு இன்னிக்குக் கேக்குது?"

மகள் போனைப் புடவைக்குள் மறைத்து இன்னும் எதையோ அடித்துவிட்டுக் குனிந்துகொண்டாள். பதில் சொல்லியிருக்க வேண்டியவள் பெட்டிக்குள் இருந்தாள்.

அன்று வந்த செய்தி பொய்யில்லை. அவள் படிக்கப் போன நாளிலிருந்து காத்திருந்த மாதிரி நல்ல பின்னொளி. மேகமில்லை, திசையும் தோது. முதல் படம் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தபடி அனுப்பிய கட்டளையில் விழுந்ததுதான். அடக்கம் முடிந்து, பால் தெளித்து வந்த பிறகும் அவள் விடவில்லை. அம்மாவின் தலை இருந்த இடத்தில் ஏற்றிய விளக்குக்கு எண்ணெய் விட்டுவிட்டு, பக்கத்திலேயே கம்ப்யூட்டரைத் திறந்து உட்காருவாள். நான் படுத்தபடி பார்ப்பேன். திரையில் புள்ளி புள்ளியாக ஏதோ இருக்கும். எது அவளுடைய வெளிச்சம் என்று எனக்குத் தெரியாது. நாளாக ஆக அவள் திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தாள் என்பது மட்டும் தெரிந்தது.

பெரியம்மா சொன்னதை அவள் மறக்கவில்லை என்பது பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. கம்ப்யூட்டரைப் பைக்குள் வைத்து அலமாரிக்கு மேல் ஏற்றிவிட்டாள். போன் அடித்தால் எடுப்பதில்லை. ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, "நான் திரும்பப் போகலப்பா. இங்கயே ஏதாச்சும் ஸ்கூல்ல வேல பாக்குறேன்" என்றாள்.

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா மொகத்தக் கடைசியா பாக்க வேண்டிய நேரத்துல நான் போனப் பாத்துக்கினு இருந்தேன்பா. அந்தப் படத்த இனிமே நான் எப்படித் தொறந்து பாப்பேன்?"

சில நாள் கழித்து அவளுடைய ஆசிரியை எனக்கே போன் செய்தார். நல்ல மனுஷி, நிதானமாகப் பேசினார். இன்னும் ஒரே ஒரு படம் பாக்கி இருக்கிறது. அது இல்லாவிட்டால் முன்னால் எடுத்தது எதையும் சரியாக அளக்க முடியாது. வெடிப்பு தெரிந்த இடம் வானத்தில் மேற்கே இறங்கிக்கொண்டே போகிறது, கொஞ்ச நாளில் சூரியன் பக்கம் போய் மறைந்துவிடும், மகளுக்கு ஒதுக்கிய நேரமும் அதோடு முடிந்துவிடும் என்றார். "வேற யாரையாவது எடுக்கச் சொல்லலாம் சார். ஆனா உங்க பொண்ணுதான் எடுக்கணும். எடுத்தாத்தான் திரும்பி வருவாங்கன்னு எனக்குத் தோணுது. நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

"சரிங்க" என்றேன். அவர் இன்னும் ஏதாவது சொல்வேனா என்று காத்திருந்தார். "சரிங்கம்மா" என்றேன். போனை வைத்த பிறகு வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இந்த மாதிரி விஷயமெல்லாம் என் மனைவிதான் பேசுவாள்.

அந்த வாரம்தான் மாலை போட்டு மாட்டுவதற்கான படம் ஸ்டூடியோவிலிருந்து வந்தது. காரியத்துக்கே வந்திருக்க வேண்டியது, தள்ளிப்போய்விட்டது. என் மனைவிக்குத் தனிப்படம் ஒன்றுகூட இல்லை. கல்யாணமான புதிதில் மாமல்லபுரத்தில், கலங்கரை விளக்கத்துக்குப் போகிற பாறை மேட்டில் நாங்கள் இரண்டு பேரும் நின்று எடுத்த படம் ஒன்றுதான் முகம் தெளிவாக விழுந்தது. அதைக் கொடுத்து, அவளை மட்டும் எடுத்துத் தரச் சொல்லியிருந்தேன். ஸ்டூடியோக்காரர் முகத்தை வெளுப்பாக்கி, காதில் இல்லாத ஜிமிக்கியைப் போட்டு, பின்னால் ஊதா நிறத் திரை தொங்கவிட்டிருந்தார். அதெல்லாம் எல்லோருக்கும் செய்வதுதான். ஆனால் அவள் இடது தோளில் பச்சையாக ஒரு திட்டு இருந்தது. முந்தானை அந்த இடத்தில் கத்தரியால் வெட்டியதுபோல் நின்றுபோயிருந்தது.

கடையில் அதைக் காட்டினேன்.

"அண்ணாத்த, அது ஒஞ் சட்ட" என்றார். "கடக்காத்துல அக்கா முந்தான பறந்து உம்மேல உழுந்துகீது. மெல்லிசு நைலக்ஸு பொடவ. உள்ளாற ஒஞ் சட்ட பச்ச தெரிது. எது பொடவ, எது சட்டன்னு நா எப்டி பிரிக்கறது? உன்னத் தொடச்சா அக்காவும் சேந்து போறாங்க. உன்ன மாதிரி ஒட்டிகினு நின்னா நா இன்னாதான் பண்ணுவேன், சொல்லு."

அங்கே இருந்த ஒருவர் சிரித்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. படத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மகள் படத்தை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பழைய படத்தையும் எடுத்துவரச் சொல்லிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன்.

"நீ தனியா நிக்கிற படம் ஒண்ணு இருந்திருந்தா பிரிச்சிருக்கலாம்பா" என்றாள்.

"எப்படி?"

"அதே எடத்துல, அதே சட்டயில, அம்மா இல்லாம நீ மட்டும். இந்தப் படத்துலேர்ந்து அந்தப் படத்தக் கழிச்சா, ஒஞ் சட்ட, பாற, கலங்கர வெளக்கம் எல்லாம் ரெண்டுலயும் இருக்குறதால போயிடும். மிச்சம் இருக்குறது அம்மா மட்டுந்தான். முந்தானயோட."

பிறகு என்னைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னாள். அந்த வெளிச்சம் தோன்றிய இடத்திலும் அப்படித்தானாம். அதற்கு அடியில் மங்கலாக ஒரு நட்சத்திரக் கூட்டம் இருக்கிறது. செத்த நட்சத்திரம் குடியிருந்த ஊர். அவள் எடுத்த படங்களில் இரண்டும் ஒன்றோடு ஒன்று கலந்து கிடக்கின்றன. எவ்வளவு பின்னொளி, எவ்வளவு அந்த ஊருடைய வெளிச்சம் என்று தெரியாது. பின்னொளி முழுக்க அணைந்த பிறகு, அந்த ஊர் மட்டும் தனியாக இருக்கிற படம் ஒன்று வேண்டும். அதுதான் கடைசிப் படம்.

"அது இல்லாமப் போனத ஒரு தடவ பாத்துட்டாத்தான், இருந்தப்ப எவ்ளோ இருந்துச்சுன்னு தெரியும்" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. ஆசிரியை சொல்லச் சொன்னதை எப்படிச் சொல்வது என்று புரண்டுகொண்டிருந்தவனுக்கு, சொல்லாமலே செய்ய ஒரு வழி இருப்பது தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேனை எடுத்தேன். எங்கே என்று மகள் கேட்டாள். "மாபலிபுரம் வரிக்கும்" என்றேன். அவள் பேசாமல் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். அம்மாவின் இடம் அது.

பாறை மேட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நாங்கள் நின்ற இடத்தைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. பின்னால் கலங்கரை விளக்கம் அப்படியே இருந்தது. எனக்குப் படம் எடுத்துக்கொள்வதென்றாலே கூச்சம். அதுவும் அவ்வளவு பேர் நடுவில், தனியாக. பாறைமேல் போய் நின்றேன்.

"என்ன ஒரு போட்டோ புடி."

"இன்னாத்துக்குப்பா?"

"அந்தச் சட்ட இல்ல. பரவால்ல, புடி" என்றேன். "நீதான சொன்ன. நா மட்டும் நிக்கிற படம் வேணும்னு."

அவள் போனைத் தூக்கிப் பிடித்தாள். பக்கத்தில் குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர், "சார், இன்னும் கொஞ்சம் நடுவுல வாங்க, ஒரு பக்கமா நிக்கிறீங்க" என்று உதவி செய்தார். நான் நகரவில்லை. நகரத் தோன்றவில்லை. காற்று பலமாக அடித்தது. மகள் போனைப் பிடித்துக்கொண்டே இருந்தாள், எடுக்கவில்லை. அப்புறம் எடுத்தாள். போனைக் கீழே இறக்கியபோது முகம் முழுக்க நனைந்திருந்தது. பாறையிலேயே உட்கார்ந்து, அம்மா போனதிலிருந்து அழாததையெல்லாம் அழுதாள். அந்த மனிதர் பயந்துபோய்த் தன் குழந்தைகளை அழைத்துக்கொண்டு விலகிப் போனார்.

மறுநாள் இருட்டியதும் அலமாரிக்கு மேலிருந்து பை இறங்கியது. "பக்கத்துல ஒக்காருப்பா" என்றாள். தையல் மெஷினின் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் பிடித்தது. வந்த படத்தில் சாம்பல் நிறமும் புள்ளிகளும்தான் இருந்தன. ஓர் இடத்தை விரலால் காட்டினாள். ஈரத் துணி பட்ட தடம்போல் ஒரு மங்கல்.

"இதுதாம்பா அந்த ஊரு. வெளிச்சம் போயிடுச்சு."

சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நாம் பார்ப்பது எத்தனையோ கோடி வருஷத்துக்கு முந்திய ஊரை, இப்போது எப்படி இருக்கிறதோ யாருக்கும் தெரியாது என்றாள். படத்தில் மட்டும் அது அப்படியே அங்கேயே இருந்தது.

தை கடைசியில் அவள் கிளம்பிப் போனாள். கழித்தெடுத்த படத்தைப் பிறகு போனில் அனுப்பினாள். கறுப்பில் உருண்டையாக ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி, சுத்தமாக. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் எடுத்த முதல் படத்திலிருந்து வந்தது அது.

பச்சைத் திட்டோடு இருக்கிற படத்தை நான் மாற்றச் சொல்லவில்லை. மெஷினுக்கு மேலேதான் மாட்டியிருக்கிறேன். பாதி ரவிக்கையைக் கேட்டு யாரும் வரவில்லை. வீட்டில் பேச ஆளில்லாததால் டிவியை வைத்துவிடுகிறேன்.

போன வாரம் ஒரு சாயங்காலம் மகள் போன் செய்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் சேவல் கூவியது. சத்தத்தை அவள் மாற்றவில்லை. "அப்பா, இரு இரு" என்று ஓடினாள். நான் வைக்காமல் காதிலேயே வைத்திருந்தேன். யாரோ பேசுவதும் நாற்காலி நகர்வதும் கேட்டன. கொஞ்ச நேரம் கழித்து வந்து, மூச்சுவாங்க, "இருக்கியாப்பா?" என்றாள்.

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "இன்னா, முட்ட போட்டுச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் சொன்னாள்:

"சேவல் எங்கப்பா முட்ட போடும்?"

அப்ப எதுக்குக் கூவுது என்று நான் கேட்டிருக்க வேண்டும். அது என் வாயில் வரவில்லை.