தொண்ணூற்றிரண்டு கட்டை

நோட்டில் மூன்று என்று எழுதியதுதான் அவர் செய்த குற்றம்.

அவர் என் அக்காவின் கணவர். தொழிற்சாலைக்குள் வரும் சரக்கு வேகன்களைக் கழற்றி, வரிசை மாற்றி, வேண்டிய லைனில் சேர்த்துவிடுவது அவர் வேலை. இரண்டு வேகன்களுக்கு நடுவே குனிந்து நுழைந்து கொக்கி மாட்டிவிட்டு, இந்தப் பக்கம் நுழைந்தவர் அந்தப் பக்கம் நிமிர்ந்து நிற்பார். பதினோரு வருடமாக அப்படி நுழைந்து நிமிர்ந்ததில் யார்டில் அவருக்குப் பெயரே கொக்கி என்றாகிவிட்டது. எனக்கு மாமா.

ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்கு வேகனை மாற்ற வேண்டுமானால், முதலில் இன்ஜின் அதை வெளியே இழுத்து கடைசியில் முட்டுக்கட்டை வைத்து அடைத்த ஒரு முட்டு லைனுக்குள் போக வேண்டும். அதை நெக் என்பார்கள். கடைசி வேகனும், லைன்கள் பிரியும் பாயிண்டைத் தாண்டி நெக்குக்குள் வந்த பிறகுதான் லீவரைத் தள்ளித் தண்டவாளத்தைத் திருப்ப முடியும். புதிதாக வந்த யார்டு மாஸ்டர், இனி ஒரு இழுப்புக்கு நான்கு வேகன் என்று உத்தரவு போட்டார். மாமா மூன்றுதான் பிடிக்கும் என்றார். மூன்றை இழுத்தார், திரும்பிப் போய் மிச்சம் ஒன்றை இழுத்தார். நோட்டில் அப்படியே எழுதினார். ஒரு மாதம் கழித்து கடிதம் வந்தது. வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்து உற்பத்தியைத் தாமதப்படுத்தினார் என்று குற்றச்சாட்டு, விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து நிறுத்தம். கூடவே ஒரு தாள். ‘என் தவறை ஒப்புக்கொள்கிறேன்’ என்று அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் விசாரணை இல்லை. வாசல் கேட்டில் வேலை கொடுப்பார்கள், லீவர் பக்கம் போகக் கூடாது.

அன்று சாயங்காலமே அவரோடும் மற்ற ஷிப்டுகளிலும் வேலை செய்யும் இன்ஜின் டிரைவர் வீட்டுக்கு வந்தார்.

“ஏன்யா கொக்கி, மத்த ஷிப்டுல மட்டும் நாலா இழுக்கறோம்? நாங்களும் மூணும் ஒண்ணும்தான். நோட்டுல நாலுன்னு எழுதிட்டுப் போறோம். உனக்கு மட்டும் பேனா கோணலா ஓடுமா?”

“இழுத்தது மூணு. நாலுன்னு எப்படி எழுதறது?”

“கையாலதான்.”

அக்கா சிரித்துவிட்டாள். மாமா சிரிக்கவில்லை.

“இன்னைக்கு நாலுன்னு எழுதுவோம். நாளைக்கு அந்த நோட்டப் பாத்துட்டு அஞ்சு இழுன்னுவான். அப்ப எவன் முட்டுக்கட்டையில போய் முட்டறது? நீதான இன்ஜின்ல உக்காந்திருப்ப.”

டிரைவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, போட்டுத் தொலை, கேட்டில் வெயில் இல்லாமல் உட்காரலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா தாளை என்னிடம் நீட்டினார்.

“படிச்சவன் நீ சொல்லு மாப்ள. போடலாமா?”

நான் படித்து முடித்து வேலையில் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஊரை விட்டு வந்து அக்கா வீட்டில்தான் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் என்று ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டியது நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. எங்கள் அப்பா கைநாட்டு. யார் எந்தத் தாளை நீட்டி விரலை வை என்றாலும் வைத்துவிடுவார்.

“எங்கப்பா வெச்ச கைநாட்டுல பாதி, என்ன ஏதுன்னு தெரியாம வெச்சது மாமா. நீங்க தெரிஞ்சே எதுக்குப் போடணும்?”

“அப்படிச் சொல்லு,” என்றார். அக்கா என்னை முறைத்தாள். “இருக்கிற ஒரு பிடிவாதம் பத்தலைன்னு இன்னொண்ணு வந்து சேந்துச்சு.”

விசாரணைக்கு மூன்று வாரம் இருந்தது. யார்டுக்குள் மாமாவை விடமாட்டார்கள். நேரில் இழுத்துக் காட்ட வழியில்லை. அலுவலகத்தின் சாட்சி, கடிதத்தோடு அவர்கள் இணைத்திருந்த யார்டு வரைபடம். நெக்கின் நீளம், இன்ஜினின் நீளம், வேகனின் நீளம் எல்லாம் அதில் இருந்தன. கூட்டிப் பார்த்தால் நான்கு வேகன் பிடித்தது.

“கணக்குல பிடிக்குதே மாமா,” என்றேன்.

“தண்டவாளத்துல பிடிக்காது,” என்றார். “அங்க விடமாட்டாங்கன்னா, யார்ட இங்க கொண்டாந்துருவோம்.”

மறுநாள் பழைய அலமாரியின் கதவு ஒன்றைக் கழற்றி, அக்காவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்டூல்மேல் படுக்கவைத்தார். நான்கடி நீளம். நெக்கின் நீளம் அவருக்கு மீட்டரில் தெரியாது. தண்டவாளத்துக்குக் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டையில் தெரியும். பதினோரு வருடம் அதன்மேல் கால்வைத்து நடந்தவர். “பாயிண்டுலேர்ந்து முட்டுக்கட்டை வரைக்கும் தொண்ணூத்தி ரெண்டு கட்டை” என்றார். ஒரு கட்டைக்கு அரை சென்டிமீட்டர் என்று அளவு வைத்தோம். ஐஸ் குச்சிகளை நறுக்கி, தொண்ணூற்றிரண்டையும் எண்ணி ஒட்டினார். தண்டவாளத்துக்கு சைக்கிள் கடையிலிருந்து பழைய ஸ்போக் கம்பிகள். பாயிண்டின் நாக்குக்கு மட்டும் நான்கு கம்பி வீணானது. கூர்மையாக ராவினால் வளைந்தது. விட்டால் சக்கரம் ஏறி இறங்கியது. ஐந்தாவதை அடுப்பில் காட்டி, தட்டி, ராவி, ஒரு ஊசியை அச்சாக வைத்து நிறுத்தினார். தீக்குச்சி லீவரைத் தள்ளினால் நாக்கு இந்தத் தண்டவாளத்திலிருந்து அந்தத் தண்டவாளத்துக்கு ‘டிக்’ என்று போய் ஒட்டியது. அன்றைக்குச் சாப்பாடு ஆறும்வரை அதையே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேகன் செய்வது என் பொறுப்பு. மரத்துண்டுகளுக்கு அக்காவின் தையல் டப்பாவிலிருந்து பிரஸ் பட்டன்கள் சக்கரமாயின. ஹூக்குகள் கொக்கியாயின.

“ரெண்டு அட்டை ஹூக்கு காணோம்,” என்றாள் அக்கா. “நாளைக்கு எட்டு ரவிக்கை குடுக்கணும். எல்லாரையும் முதுகு திறந்தபடி போகச் சொல்லவா?”

“விசாரணை முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துர்றேன்மா.”

“வேலை போனா தையலாவது இருக்கும்னு பாத்தேன். அதுக்கும் உலை வெச்சாச்சு.” சொல்லிக்கொண்டே அவளே வந்து, மூன்றாவது வேகனில் கோணலாக இருந்த ஹூக்கைப் பிடுங்கி நேராகப் பொருத்திவிட்டுப் போனாள்.

பன்னிரண்டாம் நாள் எல்லாம் தயார். மாமா இன்ஜினில் விரலை வைத்து இழுத்தார். பின்னால் நான்கு வேகன். முட்டுக்கட்டைக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால் இன்ஜின் நின்றது. கடைசி வேகன் பாயிண்டைத் தாண்டியிருந்தது. லீவரைத் தள்ளினார். டிக். நாக்கு திரும்பியது.

நான்கும் பிடித்துவிட்டது.

மெஷின் ஓசை நின்றது. நான் அந்தத் தாளை எங்கே வைத்தோம் என்று யோசித்தேன். அப்படி யோசித்ததற்கு இன்றும் எனக்கு என்மேல் கோபம் உண்டு. மாமா முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பலகையின் முன் உட்கார்ந்தார். இன்ஜினை எடுத்துக் கையில் புரட்டினார்.

“இது எந்த அளவுல செஞ்ச?”

“வரைபடத்துல இருக்கிற அளவுதான் மாமா. ஒன்பது சென்டிமீட்டர்.”

“அப்ப பதினெட்டு கட்டை.” இன்ஜினைக் கீழே வைத்தார். “வேகனும் பதினெட்டு கட்டை. நம்ம இன்ஜின் வேகன் அளவாடா இருக்கும்? இது போன வருஷம் பழைய இரும்புக்குப் போன வண்டி. அது இருந்தவரைக்கும் நானே நாலு இழுத்திருக்கேன். நீ யார்டச் செய்யல மாப்ள. அவங்க பேப்பர மரத்துல செஞ்சிருக்க.”

எழுதிய தாளை நம்புவது என் பழக்கம். அதை வைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். தாளும் பொய் சொல்லும் என்பதை எந்தப் பரீட்சையிலும் கேட்கவில்லை.

புது இன்ஜின் எத்தனை கட்டை? மாமாவுக்குத் தெரியவில்லை, அதன் பக்கத்தில் நின்றிருக்கிறாரே தவிர எண்ணியதில்லை. டிரைவருக்குப் போன் போட்டார்.

“இன்ஜின் நிக்கும்போது இறங்கி, மூக்குலேர்ந்து வால் வரைக்கும் கட்டைய எண்ணிச் சொல்லு.”

“கொக்கி, என்னையும் கேட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு பாக்கறியா?”

“எண்ணிப் பாக்கறதுக்கு எவனும் கடிதம் குடுக்கமாட்டான். எண்ணு.”

அரை மணி நேரம் கழித்து போன் வந்தது. “இருபத்தியேழு. ரெண்டு தடவை எண்ணிட்டேன். நான் சொன்னேன்னு சொல்லாத.”

பதின்மூன்றரை சென்டிமீட்டரில் புது இன்ஜின் அறுத்தோம். நான்கு வேகனோடு இழுத்தார். இன்ஜினின் மூக்கு முட்டுக்கட்டையைத் தொட்டது. கடைசி வேகனின் பின்சக்கரம் பாயிண்டின் நாக்குமேலேயே ஏறி நின்றது. லீவரைத் தள்ளினார். அசையவில்லை.

“தெரியுதா?” என்றார். யாரிடம் கேட்டாரோ தெரியாது. அக்காதான், “தெரியுது, தெரியுது. ஹூக்க எப்பத் தருவீங்க?” என்றாள்.

விசாரணையன்று கதவுப் பலகையை ஒரு பழைய போர்வையில் சுற்றி, நானும் அவரும் ஆளுக்கொரு முனை பிடித்து நடந்தே போனோம். பாடை மாதிரி இருக்கிறது என்று எதிரே வந்த ஒருவர் ஒதுங்கினார். “ஆமாங்க, ஒரு உத்தரவு செத்துப்போச்சு,” என்றார் மாமா.

அறையில் வெளியூரிலிருந்து வந்த விசாரணை அதிகாரி, பக்கத்தில் யார்டு மாஸ்டர். துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்ற விதியில் நான் உள்ளே போனேன். போர்வையை விலக்கியதும் யார்டு மாஸ்டர், “விளையாட்டுச் சாமானா?” என்றார்.

“ஆமாங்க. வாங்க, ஒரு ஆட்டம்.” மாமா இன்ஜினை எடுத்து அவர் முன்னால் நீட்டினார். “நாலு வேகன் ஒண்ணாம் லைன்ல நிக்குது. ஒரே இழுப்புல மூணாம் லைனுக்கு மாத்துங்க. ஒரு மாசமா எனக்குச் சொன்னீங்களே, அதான்.”

அவர் வாங்கவில்லை. அதிகாரி வாங்கினார். இழுத்தார், முட்டினார், லீவரைத் தள்ளினார். மறுபடி தள்ளினார். தீக்குச்சி முறிந்தது. மாமா பையிலிருந்து வேறொரு தீக்குச்சி எடுத்துச் சொருகினார். அதிகாரி நான்காவது வேகனை இரண்டு விரலால் தூக்கி மூன்றாம் லைனில் வைத்தார்.

“யார்டுல அதத் தூக்கற அளவுக்கு எனக்குக் கை நீளமில்லைங்க,” என்றார் மாமா.

அதிகாரி அந்த வேகனைத் திரும்ப இருந்த இடத்திலேயே வைத்தார். “இந்த இன்ஜின், வரைபடத்தில் இருக்கும் அளவு இல்லையே?” என்றார். புது இன்ஜின் வந்த பிறகு வரைபடத்தைத் திருத்தினீர்களா என்று நான் யார்டு மாஸ்டரைக் கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

“அப்போ மற்ற ஷிப்டில் நாலு என்று எழுதியிருக்கிறதே, அது எப்படி?” என்றார் அதிகாரி.

அந்தக் கேள்வி வரும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். டிரைவரின் பெயர் நாக்கு நுனிவரை எனக்கு வந்தது. மாமா முந்திக்கொண்டார்.

“என் நோட்டுக்கு நான் பதில் சொல்றேன். மத்தவங்க நோட்ட விடுங்க, நெக்குலயும் இன்ஜினுக்குப் பக்கத்துலயும் போய்க் கட்டைய எண்ணுங்க. அது யாருக்கும் பயப்படாது.”

எண்ணினார்கள். நாங்கள் வேலிக்கு வெளியே பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அதிகாரி குனிந்து குனிந்து எண்ணுவது தெரிந்தது. இன்ஜினுக்குப் பக்கத்தில் எண்ணிவிட்டு முட்டுக்கட்டைவரை போனவர், நம்பாமல், திரும்பி வரும்போதும் எண்ணினார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. மாமா பழைய வேலைக்கே திரும்பலாம். நெக்கின் பக்கத்தில் ‘மூன்று வேகனுக்கு மேல் இழுக்கக் கூடாது’ என்று பலகை நட்டார்கள். மற்ற ஷிப்டு நோட்டிலும் மூன்று என்றே எழுதுகிறார்களாம். ஆனால் கடிதத்தின் கடைசி வரி இப்படி இருந்தது: ‘இம்முறை மன்னிக்கப்படுகிறது.’ கீழே, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட ஒரு கோடு.

“போட்டுட்டு வேலையப் பாருங்க,” என்றாள் அக்கா. “லீவர்தான் கைக்கு வந்தாச்சே.”

“மன்னிக்கறதுக்கு நான் என்ன பண்ணேன்?” என்றார் மாமா. “பேப்பர் எடு மாப்ள.”

எழுதினேன். தவறு இல்லாத இடத்தில் மன்னிப்பும் இல்லை, அந்த வரியை எடுத்துவிட்டு அனுப்பினால் பெற்றுக்கொள்கிறேன் என்று இரண்டே வரி. கடிதத்தைத் திருப்பி அனுப்பி ஏழு வாரமாகிறது. பதில் இல்லை. மாமா தினமும் யார்டுக்குப் போகிறார், மூன்று இழுக்கிறார், மூன்று என்று எழுதுகிறார். அலுவலகத்தில் எவராவது கோடு போட்ட தாளை நீட்டினால், முதலில் கடைசி வரியைப் படிக்கிறார்.

பலகை இன்னும் தையல் மெஷினுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஹூக்குகள் திரும்பி வரவில்லை. தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் அதென்ன என்று கேட்டால், அக்கா கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்து வந்து, நான்கு வேகனையும் ஒண்ணாம் லைனில் மாட்டி நிறுத்துகிறாள்.

“ஒரே இழுப்புல மாத்துங்க பாக்கலாம்,” என்கிறாள். “கையால தூக்கக் கூடாது.”