மலை வீட்டுக்கு நெட் வந்த வருடம்

தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்தபோது கல்வராயன் மலையில் ஓர் இடம் காலியாக இருந்தது. என்னோடு கலந்தாய்வுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லி அதைத் தாண்டிப் போனார்கள். ஒருவருக்கு மாமியார் உடம்பு, ஒருவருக்குப் பையன் பிளஸ் டூ, ஒருவருக்குக் கணவரின் வேலை. எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பதினோரு வருடம் படுக்கையில் இருந்த அம்மா அந்தத் தை மாதம்தான் போயிருந்தாள். திருக்கோவிலூரில் நாங்கள் இருந்த வீடு அண்ணனுக்கு என்று ஆகிவிட்டது. அண்ணன் என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு மலை ஏறினேன்.

பள்ளிக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீடு கிடைத்தது. ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. காற்று நன்றாக வரும், போன் சிக்னல் வராது. யாரோடாவது பேச வேண்டுமென்றால் பத்து நிமிடம் ஏறி, தண்ணீர்த் தொட்டி இருக்கும் சாலை வளைவுக்குப் போக வேண்டும். ஊரில் எல்லாரும் அங்கே நின்றுதான் பேசுவார்கள். பள்ளியின் வருகைப் பதிவு, சத்துணவு விவரம் எல்லாவற்றையும் நானும் அங்கே போய்த்தான் போனில் ஏற்றிக்கொண்டிருந்தேன். மழை நாட்களில் ஒரு கையில் குடை, ஒரு கையில் போன்.

அதற்காகத்தான் நெட் போடுகிறேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. அம்மா இருந்தவரை எனக்குச் சாயங்காலம் நாலரைக்கு மேல்தான் நாளே தொடங்கும். கஞ்சி, மாத்திரை, புரட்டிப் படுக்கவைப்பது, முதுகுக்குப் பவுடர். மலையில் நாலரைக்குப் பள்ளியைப் பூட்டிவிட்டு வந்தால் கைக்கு வேலையே இல்லை. வெளிச்சம் போகும்வரை வாசலில் நிற்பேன். பிறகு உள்ளே வந்து, சாப்பிடுவதற்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று கடிகாரத்தைப் பார்ப்பேன்.

ஐப்பசியில் சங்கராபுரத்திலிருந்து லைன்காரர் வந்தார். கம்பத்துக்குக் கம்பம் இழுத்து வந்த கறுப்பு வயரைச் சன்னல் வழியாக உள்ளே விட்டு, வெள்ளைப் பெட்டியில் சொருகினார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. ஒரு மணி நேரம் காத்திருந்தார். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"மழ புடிச்சிக்கிச்சுன்னா எறங்க முடியாதுங்க டீச்சர். லைன் குடுத்துட்டேன். கரண்ட் வந்ததும் யூசர் நேமு, பாஸ்வேர்டு போடணும், அவ்ளோதான். கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணீங்கன்னா சொல்லிக்கினே வருவாங்க, நீங்களே போட்டுக்கலாம்."

பெட்டி வந்த அட்டையைக் கிழித்து, அதில் அந்த இரண்டையும் எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். போன் பண்ண வேண்டுமென்றால் நான் தொட்டி வளைவுக்குப் போக வேண்டும் என்பது அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் சாயங்காலம் வளைவில் நின்று கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். தெற்குப் பக்கத்துப் பேச்சு, சின்ன வயது.

"மேடம், ரூட்டர்ல என்ன லைட் எரியுதுன்னு பார்த்துச் சொல்லுங்க."

"பார்த்துட்டு வந்து சொல்றேம்மா. பத்து நிமிஷம் ஆகும்."

"பக்கத்துலயே நின்னு பேசுங்க மேடம்."

"பக்கத்துல நின்னா போன் பேசாதும்மா. அதுக்குத்தான் நெட்டே போடறேன்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டாள். பிறகு, "நான் ஒவ்வொண்ணா சொல்றேன், நீங்க எழுதிக்கிறீங்களா?" என்றாள். நோட்டைத் தொட்டியின் திட்டில் வைத்து எழுதிக்கொண்டேன். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணைப் போட்டு அதன் வைஃபையில் போனைச் சேர்க்க வேண்டும். பிரவுசரைத் திறந்து, மேலே முகவரி அடிக்கும் இடத்தில் 192.168.1.1 என்று அடிக்க வேண்டும். ஒரு பக்கம் வரும். அதில் லைன்காரர் கொடுத்த பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டு சேவ் பண்ண வேண்டும்.

வீட்டுக்கு ஓடினேன். பக்கம் வந்தது. எல்லாம் போட்டேன். பெட்டியில் எரிந்த சிவப்பு விளக்கு பச்சையாகவில்லை. மறுபடி வளைவுக்கு ஏறினேன். இந்தத் தடவை எடுத்தது ஓர் ஆண். முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அதற்குள் இருட்டிவிட்டது.

மூன்று நாள் இப்படி ஏறி இறங்கினேன். மூன்றாவது நாள் அதே பெண் கிடைத்தாள். குரலைக் கேட்டதுமே, "தொட்டிகிட்ட இருக்கிற மேடமா?" என்றாள். மலைக்கு வந்து ஐந்து மாதத்தில் என் குரலை வைத்து என்னைக் கண்டுகொண்ட முதல் ஆள், எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது.

அவள் பொறுமையாகக் கேட்டாள். "நீங்க அடிக்கிற யூசர் நேமை ஒவ்வொரு எழுத்தா படிங்க மேடம்." படித்தேன். நடுவில் நிறுத்தினாள். "அது பூஜ்யம் இல்ல மேடம், ஓ." முப்பது வருடமாகப் பிள்ளைகளின் கையெழுத்தைத் திருத்துகிற நான் லைன்காரரின் கையெழுத்தில் ஏமாந்திருந்தேன்.

"சரியாயிடும் மேடம். அப்படியே வைஃபைக்குப் பேரும் மாத்திக்கலாம், எப்படின்னு சொல்றேன். என்ன பேரு வைக்கிறீங்க? நிறையப் பேரு பிள்ளைங்க பேரு வைப்பாங்க. வீட்டுக்காரர் பேரையும் சேர்த்து வைப்பாங்க."

வளைவில் இன்னும் இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன்.

"இருக்கிறதே இருக்கட்டும்மா," என்றேன்.

வீட்டுக்கு வந்து பூஜ்யத்தை அழித்து ஓ போட்டேன். சிவப்பு அணைந்தது. கொஞ்ச நேரம் எதுவும் எரியவில்லை. பிறகு பச்சை. வளைவில் திறக்காமல் நின்றிருந்த ஐந்து மாதத்துக் குட்மார்னிங் படங்களும், மாவட்ட அலுவலகத்துச் சுற்றறிக்கைகளும் போனில் அடுக்கடுக்காக வந்து விழுந்தன. நான் மட்டும் இருந்த அறையில் சத்தமாக "வந்துடுச்சு" என்றேன்.

குடும்பக் குழுவில் நெட் வந்துவிட்டது என்று எழுதினேன். அண்ணி கட்டைவிரல் போட்டாள். அண்ணன் மகன் எத்தனை எம்பி வேகம் என்று கேட்டான். சொன்னேன். அதோடு சரி. அண்ணனுக்கு வீடியோ கால் போட்டேன். உரக்கடையில் இருந்தார். முதலில் அவர் காது தெரிந்தது, பிறகு கடையின் மின்விசிறி.

"இன்னா பாப்பா, இந்நேரத்துல? ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்லண்ணா. நெட்டு வந்துடுச்சு. சும்மாதான்."

"நல்லதாப் போச்சு. இனிமே எப்ப வேணா பேசிக்கலாம். ஆளுங்க நிக்கறாங்க, வெச்சுடட்டா?"

நான் வளைவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பேசும்போதெல்லாம் அண்ணன் கால் மணி நேரம் பேசுவார். தங்கச்சி மலை ஏறி வந்து பேசுகிறாளே என்று வைக்க மனம் வராது. எப்போது வேண்டுமானாலும் பேசலாம் என்று ஆன பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமையும் நின்றுபோயிற்று.

அந்தப் பெண்ணிடமாவது சரியாகிவிட்டது என்று சொல்ல நினைத்தேன். இப்போது வைஃபை வழியாக வீட்டிலிருந்தே கூப்பிட முடிந்தது. வேறு யாரோ எடுத்தார்கள்.

"உங்க புகார் எண் சொல்லுங்க மேடம்."

"புகார் ஒண்ணும் இல்ல. நெட் வருதுன்னு சொல்லத்தான்."

"வேறு ஏதாவது உதவி தேவையா மேடம்?" என்றார்கள். இல்லை என்று வைத்துவிட்டேன்.

நான்கு நாள் கழித்துப் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். அவளுடைய இரண்டு மகள்களும் என் பள்ளியில்தான், ஒருத்தி மூன்றாம் வகுப்பு, ஒருத்தி ஒன்றாம் வகுப்பு. கணவன் குடகில் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தான்.

"டீச்சர், உங்க வூட்ல நெட்டு போட்டுக்கினீங்களாமே? அவரு மூஞ்சியப் பாத்து மூணு மாசம் ஆவுது. வளைவுல நின்னா பேச்சு மட்டுந்தான் வருது, படம் வர மாட்டேங்குது."

அவள் போனை வாங்கி பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தேன். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். கூச்சப்பட்டுக்கொண்டு சன்னலுக்கு வெளியே கிடந்த கல்லில் உட்கார்ந்தாள். அன்று முதல் தினமும் ஐந்து மணிக்கு வந்துவிடுவாள்.

அவர்கள் தனியாகப் பேசட்டும் என்று நான் முதல் இரண்டு நாள் பின்பக்கம் போய்த் துணி துவைத்தேன். மூன்றாம் நாள் துவைக்கத் துணி இல்லை. சன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நோட்டுத் திருத்துகிற மாதிரி இருந்தேன். ஒட்டுக்கேட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"இன்னா துன்ன?" போனுக்குள்ளிருந்து அவன்.

"களிதான். நீ?"

"சோறு. ஆட்டக் காட்டு."

"ஆடு இங்க இல்ல. டீச்சர் வூட்டாண்ட இருக்கறேன்."

"மழ ஜாஸ்தியா?"

"கம்மிதான். சின்னது நேத்து மூக்கு ஒழுகிக்கினு இருந்திச்சு."

இவ்வளவுதான். இதையே அரை மணி நேரம் பேசுவார்கள். நடுவில் ஒன்றுமே பேசாமல் இருப்பார்கள், போனையும் வைக்க மாட்டார்கள். அந்த மௌனத்தில் அங்கிருந்து யாரோ இருமுவதும், பாத்திரம் விழுவதும் கேட்கும். சொல்வதற்கு விஷயம் இருந்தால்தான் ஒருவரைக் கூப்பிடலாம் என்று நான் இத்தனை வயது வரை நினைத்திருந்தேன். நோட்டில் ஒரே கணக்கை இரண்டு தடவை திருத்தியிருந்தேன்.

கார்த்திகை முடியும்போது ஒரு நாள் அவள் போனை வைத்த பிறகும் எழுந்து போகவில்லை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பழம் பறிக்க ஆளு பத்தலயாம் டீச்சர். என்னயும் வரச் சொல்றாரு. பங்குனி கடசியில வந்துடுவோம்."

"பிள்ளைங்க?"

"இட்டுக்கினுதான் போவணும்."

தலைமை ஆசிரியையாக நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். பெரியவள் இப்போதுதான் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கிறாள், நான்கு மாதம் போனால் எல்லாம் மறந்துவிடும் என்றேன். அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். கடைசியில், யோசிக்காமலே என் வாயிலிருந்து வந்தது.

"என்கிட்ட விட்டுட்டுப் போயேன். நான் பார்த்துக்கறேன். இங்கேயே சாப்பிடட்டும், தூங்கட்டும். அவங்களோட நீ தினமும் வீடியோவுல பேசலாம், நெட்டுதான் இருக்குதே."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பிள்ளைங்கள உட்டுட்டு நான் எப்பிடி டீச்சர் இருப்பேன்?" என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு, "நீங்களும் எங்களோட வந்துட்டுப் போங்களேன் லீவுல. அவரு உங்களப் பத்திக் கேட்டுக்கினே இருக்காரு," என்றாள்.

நான் கேட்டது பிள்ளைகளின் படிப்புக்காக மட்டும் இல்லை என்பது அவளுக்குப் புரிந்திருந்தது. எனக்கு அவள் சொன்ன பிறகுதான் புரிந்தது. உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அவள் போயிருந்தாள்.

அடுத்த வாரம் ஒரு வேன் வந்தது. இன்னும் மூன்று குடும்பங்களோடு அவர்களும் ஏறினார்கள். அங்கே தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளியில் காட்டச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். பெரியவளிடம் இரண்டு நோட்டும் வாய்ப்பாடும் கொடுத்தேன். சின்னவள் வேனின் கம்பி வழியாகக் கையை நீட்டி, "டீச்சர், நாளைக்கு லீவு வுட்டுடுங்க," என்றாள். ஒரே நாளில் திரும்பிவிடுவோம் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு ஐந்து மணி மிக நீளமாக இருந்தது. சன்னலுக்கு வெளியே பார்க்காமல் இருப்பதற்காக மேசையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டேன்.

மார்கழி நடுவில் ஒரு சாயங்காலம் போன் அடித்தது. வீடியோ கால். தலையில் துண்டு கட்டிக்கொண்டு அவள் நின்றாள். பின்னால் இருண்ட பச்சைச் செடிகள்.

"சாப்டீங்களா டீச்சர்?"

"இன்னும் இல்ல. நீ?"

"ஆச்சு. டீச்சர், எங்க வூட்டக் கொஞ்சம் காட்டறீங்களா? பாக்கணும் போல இருக்குது."

போனை முன்னால் பிடித்துக்கொண்டு நடந்தேன். என் வேலியைத் தாண்டி ஏழெட்டு அடி வைத்திருப்பேன், அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது, வாய் பாதி திறந்தபடி. பெட்டியின் அலை அதற்கு மேல் எட்டாது. நான் மட்டும் அவள் வீட்டுக்குப் போனேன். பூட்டை இழுத்துப் பார்த்துப் படம் எடுத்தேன். கூரைத் தகடு, காலியான ஆட்டுப்பட்டி, கழுவி வாசலில் கவிழ்த்து வைத்திருந்த குடம் எல்லாவற்றையும் எடுத்தேன். பின்பக்கம் பப்பாளி மரத்தில் ஒரு பழம் மஞ்சளாகிக் காக்கை கொத்தும் நிலையில் இருந்தது. அதையும் எடுத்தேன். வீட்டுக்கு வந்து வரிசையாக அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் குரல் பதிவாகி வந்தது. பின்னால் பிள்ளைகள் சண்டை போடும் சத்தம். "பழத்தப் பறிச்சுத் துன்னுங்க டீச்சர், காக்கா வீணாக்கிடும். வூடு அப்பிடியே இருக்குது, பாத்துக்கினேன்."

அதை மூன்று தடவை கேட்டேன். பிறகு கொம்பை எடுத்துக்கொண்டு போய்ப் பழத்தைத் தள்ளினேன். பெரிய பழம். அரிந்து பாதி சாப்பிட்டேன், நல்ல இனிப்பு. மீதியை ஒரு தட்டில் வைத்து இன்னொரு தட்டால் மூடினேன்.