வால் பக்கம் கனத்த படகு

சின்னசேலத்தில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் பகலவனுக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரே ஒரு கிறுக்குதான் உண்டு. கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு ஏரித் தண்ணீரில் சின்னப் படகைப் பந்தயம் விடுவான். பொம்மைப் படகு என்று அவன் காதுபடச் சொல்லிவிடாதீர்கள், மனுசன் அப்புறம் முகம் கொடுத்துப் பேச மாட்டான்.

அது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற ஜாதி இல்லை, தண்ணீர்மேல் சறுக்கிக்கொண்டு போகிற ஜாதி. முன்னால் இரண்டு பக்கமும் மிதவை. வேகம் பிடித்தால் மிதவை நுனியும் பின்னால் விசிறியும் மட்டும்தான் தண்ணீரைத் தொடும். எடை கம்மியானால் வேகம் ஜாஸ்தி என்று நம்பி ஆரம்பத்தில் கட்டையை இழைத்துத் தள்ளினான். காற்று அடியில் புகுந்து, மூக்கைத் தூக்கி, மல்லாக்கக் கவிழ்த்துப் போட்டது. கனத்தைக் கூட்டினான், எருமை மாதிரி அமுங்கிக்கொண்டு போனது. எவ்வளவு கனம் என்பதைவிட எந்த இடத்தில் கனம் என்பதுதான் சங்கதி என்று பிடிபடுவதற்குள் மூன்று படகு போய்ச் சேர்ந்துவிட்டது. மிதவைக்குச் சற்றுப் பின்னால் இரண்டு பக்கமும் விரல் கொடுத்துத் தூக்கினால் படகு முன்னும் பின்னும் சாயாமல் நிற்க வேண்டும்.

கவிழ்ந்த நாளிலெல்லாம் வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருப்பான். அவன் பொண்டாட்டி கோகிலவாணி எத்தனை நாள்தான் பொறுப்பாள், பாவம்.

"இன்னொரு தரம் கவுந்துச்சுன்னா அத்தோட வுட்டுடணும். படகு பரண்ல ஏறிடணும். சரின்னு சொல்லுங்க" என்றாள்.

சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

பந்தயத்துக்கு முந்தின சாயங்காலம் பேட்டரியை வைத்து, விரலில் தூக்கிப் பார்த்து, இம்மி பிசகாமல் சரிசெய்து, மூடியை டேப் போட்டு ஒட்டினான். இந்த முறை கவிழாது என்று மனசார நம்பினான்.

மறுநாள் ஏரியில் முதல் வளைவிலேயே மூக்கு தூக்கியது. ஒரு குட்டிக்கரணம், அவ்வளவுதான். எடுத்து வந்து மூடியைத் திறந்தால், வால் மூலையில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம்.

கருப்புச் சட்டைக்காரர் பெற்ற பிள்ளை பகலவன், திருஷ்டி என்று பேச்செடுத்தாலே சிரிப்பான். அதனால்தான் கோகிலவாணி, புது வண்டிச் சக்கரத்துக்கு வைப்பதுபோல, சக்கரமில்லாத படகுக்கு உள்ளேயே திருட்டுத்தனமாக வைத்திருக்கிறாள். படகு ஒழிந்தால் போதும் என்று அவள் நினைப்பதாக அல்லவா இத்தனை நாள் எண்ணிக்கொண்டிருந்தான்?

வாசலில் அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னாங்க, பழம் வெச்சுமா கவுந்துடுச்சு?" என்றாள்.

பழத்தால்தான் கவிழ்ந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், படகு பரணுக்குப் போகாது. வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டான்.

"பழம் இல்லன்னா தூள் தூளாப் போயிருக்கும் வாணி. ஒரு கீறல் இல்ல, பாரு" என்று சொல்லிவிட்டு, ஸ்டூலைப் போட்டு ஏறிப் படகைப் பரணில் வைக்கப் போனான்.

"ஐய, எறங்குங்க" என்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். "சாமி காப்பாத்திக் குடுத்தத யாராவது பரண்ல போடுவாங்களா? அடுத்த தரமும் நானே பழம் வெக்கிறேன். போய் வுட்டுட்டு வாங்க."

அன்றைக்குச் சாயங்காலம் பகலவன் மூடியைத் திறந்தான். வால் மூலையில் இருந்த பழத்தைத் தொடவில்லை. பேட்டரியை முன்னால் நகர்த்தினான். படகு விரல்மேல் நேராக நிற்கும் வரைக்கும் நகர்த்திக்கொண்டே இருந்தான்.