குறுக்கே வராத சைக்கிள்

என் தங்கை புருஷனுக்குச் சபையில் வைத்த பட்டப்பெயர் ‘ஆமென்’. எங்கள் ஜெபக் குழுவில் யார் போனில் விண்ணப்பம் அனுப்பினாலும், அனுப்பிய நிமிஷமே அவருடைய ஆமென் வந்து விழும். “நம்ம பிரதரை யாரும் முந்த முடியாது” என்று பாஸ்டரம்மா ஒருமுறை எல்லார் முன்னாலும் சொன்னார். அன்றைக்கு மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை.

ஆஸ்பத்திரிகளுக்குத் துவைத்த படுக்கை விரிப்புகளைக் கொண்டுபோய் இறக்கி, அழுக்கு மூட்டைகளை வேனில் ஏற்றி வருவதுதான் அவருக்கு வேலை. வீட்டில் பிள்ளைகளை அதட்டக்கூட வாய் வராது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் எந்தப் பிசாசு வந்து ஏறுமோ! முன்னால் போகிறவனெல்லாம் எதிரி. ஹாரனில் வைத்த கையை எடுக்கவே மாட்டார். இன்னொரு கையில் போன் வேறு.

“மாப்ள, ஒண்ணு ஜெபம் பண்ணுங்க, இல்ல வண்டி ஓட்டுங்க!” என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒருநாள் கத்தினேன்.

“ரெண்டும் ஆண்டவர் வேலைதானே மச்சான்” என்று சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை விண்ணப்பம் போட்டவன் நான். முழங்கால் வலியாம் எனக்கு, சபையே ஜெபிக்க வேண்டுமாம்! வழிவிடாத லாரியை ஆத்திரத்தில் ஓரப்பக்கமாகப் புகுந்து முந்திக்கொண்டே மாப்பிள்ளை பதில் தட்டியிருக்கிறார். தலையை நிமிர்த்தும்போது வேனுக்கு அடியில் ஒரு சைக்கிள் கிடந்தது. ஓட்டி வந்தவர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். பாவம், தன் பாட்டுக்கு ஓரமாகப் போய்க்கொண்டிருந்த மனுஷன்.

நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். மாப்பிள்ளை பேயறைந்த மாதிரி பெஞ்சில் உட்கார்ந்து நடந்ததை என்னிடம் சொன்னார். லாரிக்காரன் நிற்காமல் போய்விட்டானாம். பார்த்தவர்கள் வேறு யாருமில்லை. குனிந்து அவர் காதில் சொன்னேன்: “சைக்கிள் திடீர்னு குறுக்க பாஞ்சுதுன்னு சொல்லுங்க. போன் பேச்சே எடுக்காதீங்க. நீங்க உள்ள போயிட்டா என் தங்கச்சியும் பிள்ளைங்களும் நடுத்தெருவுலதான் நிக்கணும்.” அவர் அதை அப்படியே ஒப்பித்தார். போலீஸும் அதையே எழுதிக்கொண்டு ஜாமீனில் விட்டது.

வியாழக்கிழமை பூட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். மாப்பிள்ளை இறக்கிய விரிப்பில்தான் கிடந்தாரோ என்னவோ. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் வேறெதையாவது பேசிச் சமாளித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர், “பெரிய விபத்துலேருந்து நம்ம பிரதரைக் கர்த்தர் தப்புவிச்சார். அதைச் சாட்சியா எல்லாருக்கும் சொல்ல வாங்க” என்று கூப்பிட்டார். கைதட்டல் வேறு. மாப்பிள்ளை எழுந்து மேடைப் பக்கம் திரும்பாமல் வாசலுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

“எங்க போறீங்க?”

“பூட்டுக்காரர் வீட்டுக்கு. அவர் சம்சாரத்துக்கிட்ட உண்மையைச் சொல்லிட்டு, அப்புறம் ஸ்டேஷனுக்கு.”

“புத்தி கெட்டுப்போச்சா? ஆண்டவர்கிட்ட பாவத்தை அறிக்கை பண்ணுங்க, அவர் மன்னிப்பார்.”

“ஆண்டவரையா மச்சான் நான் இடிச்சேன்?”

ஆனாலும் வழியெல்லாம் பிள்ளைகளைச் சொல்லிச் சொல்லி மன்றாடிக்கொண்டேதான் போனேன்.

ஒற்றை அறை வீடு. சுவர் முழுக்க ஆணி அடித்துச் சாவிகள் தொங்கின. பூட்டுக்காரரின் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வாசற்படியிலேயே நின்று, “நான்தாங்க அந்த வேன் டிரைவர். அவர் குறுக்க வரலைங்க. ஓரமாத்தான் போனார். போனைப் பார்த்துக்கிட்டு நான்தான் இடிச்சேன். ஸ்டேஷன்ல சொன்னது பொய்ங்க” என்றார்.

நானாக இருந்தால் கையில் கிடைத்ததை எடுத்து வீசியிருப்பேன். அந்தம்மா ஒன்றுதான் கேட்டார்.

“அவர் மேல தப்பே இல்லையா?”

“இல்லைங்க.”

“அவருக்கு நினைவு இருந்துச்சு. பேச்சுதான் வரல. எதுக்கு இப்படிக் குறுக்க போய் விழுந்தே, என்னை நினைச்சுப் பார்த்தியான்னு ரெண்டு நாளும் திட்டித் தீர்த்தேன். இல்ல இல்லன்னு தலையை ஆட்டினார். போலீஸே சொல்லுது, என்கிட்ட ஏன் மறைக்கிறேன்னு அதுக்கும் திட்டினேன். அப்படியே போயிட்டார்.”

மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அந்தப் பொய்யைச் சொல்லிக்கொடுத்தவன் நான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சம்பந்தமில்லாதவன் துணைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தாரோ என்னவோ, அந்தம்மா என்னை உள்ளே வந்து உட்காரச் சொன்னார்.